கேட்டு வைத்துக் கொள்ள வேண்டிய காலம்

(நமது சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



யுத்தங்களில் பங்கு கொண்டவர்களைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக் கொண்டார். நான் யூனிஃபார்ம் போட்டவன் இல்லை. ராணுவக் கணக்கு இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி சத்தம் கேட்டதில்லை. ஆனால் துப்பாக்கி ஏந்தியவர்களுடைய பென்ஷன் காகிதங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

பென்ஷன் வாங்கும் ஒவ்வொருவரும் வருஷா வருஷம் நவம்பர் மாதத்தில் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்பதற்கு அத்தாட்சி. அது வரவில்லை என்றால் பென்ஷன் நின்று விடும். சில மாதம் கழித்து மனைவியின் பெயரில் குடும்ப பென்ஷன் கேட்டு விண்ணப்பம் வரும். அப்புறம் ஒரு நாள் அதுவும் நிற்கும். ஃபைல் மூடப்படும். ஃபைலில் பெயர், நம்பர், ரெஜிமெண்ட், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் சரியாக இருக்கும். அந்த மனிதர் பனியில் எப்படித் தூங்கினார், ஊரிலிருந்து கடிதம் வராத மாதங்களில் என்ன நினைத்துக் கொண்டார் என்பது இருக்காது. அதை எழுத அந்த ஃபாரத்தில் இடம் கிடையாது.

இதைக்கூட எல்லாருக்கும் சொல்ல முடியாது. இரண்டாம் உலக யுத்தத்துக்காகச் சேர்ந்து, 1946-லும் 47-லும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு பென்ஷனே இல்லை. சிப்பாய்க்கு பென்ஷன் கிடைக்க 15 வருஷ சர்வீஸ் வேண்டும். இவர்கள் நாலைந்து வருஷம் உழைத்தவர்கள். வெகு காலத்துக்குப் பிறகு பல மாநில அரசுகள் இவர்களுக்கும் இவர்களுடைய விதவைகளுக்கும் மாதாந்திர உதவித்தொகை கொடுக்க முன்வந்தன. அதுவரை எந்த நவம்பர் பட்டியலிலும் இவர்கள் இருந்ததில்லை.

கணக்குக்காரன் ஆனதால் ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். 1945-ல் பதினெட்டு வயது ஆனவர் 1927-ல் பிறந்தவர். இன்று இருந்தால் அவர் நூறைத் தொட்டுக் கொண்டிருப்பார். 1962-ல் சீன யுத்தத்தில் இருபது வயதாக இருந்தவர் 1942-ல் பிறந்தவர். எண்பதைத் தாண்டி விட்டார். 1965-ல் அதே வயதில் இருந்தவர் எண்பதில் இருக்கிறார். பங்களாதேஷ் யுத்தம் நடந்த 1971-ல் இருபது வயதாக இருந்த பையன்கூட எழுபதைத் தாண்டிய தாத்தா ஆகி விட்டார். முதலாம் உலக யுத்தத்தைப் பற்றிக் கேட்பதற்கு உலகத்திலேயே யாரும் இல்லை. 1917-ல் பெல்ஜியத்துச் சேற்றில் போரிட்ட ஹாரி பாட்ச் என்ற ஆங்கிலேயர் 2009-ல் தம் 111-வது வயதில் காலமானார். பதுங்கு குழிகளில் நின்று சண்டையிட்டவர்களில் அவர்தான் கடைசி என்று சொன்னார்கள். அவர் நூறு வயது ஆகும் வரை யுத்தத்தைப் பற்றி வெளியில் பேசியதே இல்லை. 1998-ல் பி.பி.சி.காரர்கள் தேடிப் போய்க் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேசினார். பகவான் அவருக்கு இன்னொரு பத்து வருஷம் கொடுத்தார், உலகம் கேட்டுக் கொண்டது. எல்லாருக்கும் அப்படி 111 வயது கிடைக்காது.

நம் தேசத்தின் பங்கு எவ்வளவு என்பதை இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். முதல் யுத்தத்தில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் யுத்தத்தில் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் இவ்வளவு பெரிய படை அதற்கு முன் உலகத்தில் எங்கும் திரண்டதில்லை. 87,000 பேருக்கு மேல் உயிர் விட்டார்கள். வட ஆப்பிரிக்கா, இத்தாலி, மலாயா, பர்மா என்று அவர்கள் போகாத இடம் குறைவு. 1920-களில் சிக்கனம் என்ற பெயரில் கலைக்கப்பட்ட மதராஸ் ரெஜிமெண்ட் அந்த யுத்தத்தில்தான் மறுபடியும் உயிர் பெற்றது. மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி ஒன்றின் மேல் தாமே விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அவர் பெயரை நம் பள்ளிக்கூடக் குழந்தைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

கல்லில் பெயர் பொறிப்பதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. தில்லியில் இருப்பவர்கள் இந்தியா கேட்டை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு போன இடம். 1931-ல் திறக்கப்பட்ட அந்த வளைவில் 13,000-க்கும் அதிகமான பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. 1971 யுத்தத்துக்குப் பின், 1972 ஜனவரி 26 அன்று அதன் கீழே அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. 2019 பிப்ரவரியில் பக்கத்திலேயே தேசிய யுத்த நினைவகம் திறக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அந்த ஜோதியை இங்கே இருக்கும் ஜோதியோடு சேர்த்து விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் உயிர் நீத்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே வட்டமான சுவர்களில், ஒரு செங்கல்லுக்கு ஒரு பெயர் என்று இருக்கின்றன. அடுத்த தடவை போகும்போது ஒரு சுவரையாவது நின்று படியுங்கள்.

கோஹிமாவுக்குப் போனால் இன்னொன்று தெரியும். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே நடந்த சண்டையில் ஜப்பானியப் படை தடுத்து நிறுத்தப்பட்டது. மலைச்சரிவில் டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தில் வரிசையாகக் கல்லறைகள். ஹிந்து, சீக்கிய சிப்பாய்களைத் தேடினால் கல்லறை கிடைக்காது. அவர்களுக்குத் தகனம் நடந்தது. மேலே தனியாக ஒரு தகன நினைவுச் சின்னத்தில் 917 பெயர்கள் இருக்கின்றன. "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் சமாதி எங்கே?" என்று தேடுகிறவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். பெயரைத்தான் தேட வேண்டும். காமன்வெல்த் யுத்தக் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் கம்ப்யூட்டர் மூலமாக யாரும் இலவசமாகத் தேடலாம்.

ஆனால் அந்தப் பட்டியலும் பூரணமானது இல்லை. அந்த ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் யுத்தத்தில் இறந்த ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், இந்தியர்கள் ஆகியோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒரு வேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக் கொண்டு மன்னிப்பும் கேட்டது. வெள்ளைக்கார சிப்பாய்க்குப் பெயர் பொறித்த கல், மற்றவனுக்கு மொத்தமாக ஓர் எண்ணிக்கை என்று பல இடங்களில் விட்டிருந்தார்கள்.

அதே 2021-ல் இதற்கு நேர் எதிரான சமாசாரமும் வந்தது. முதல் யுத்தம் முடிந்த கையோடு பஞ்சாப் அரசாங்கம் கிராமம் கிராமமாக யார் யார் யுத்தத்துக்குப் போனார்கள் என்று பதிவேடுகள் தயாரித்திருந்தது. சிப்பாயின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், ரெஜிமெண்ட், என்ன ஆனார் என்பதெல்லாம் அதில் உண்டு. சுமார் 3,20,000 பேர். லாகூர் மியூசியத்தில் 97 வருஷம் யாரும் சீந்தாமல் கிடந்தது. பிரிட்டனில் இருக்கும் பஞ்சாபி பாரம்பரியச் சங்கம் ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வெளியிட்டன. பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் தங்கள் ஊரைத் தட்டிப் பார்த்துத் தாத்தாவைக் கண்டுபிடித்தார்கள். பிழைப்புக்கு ஃபைல் எழுதியவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய சந்தோஷம். ஏதோ ஒரு குமாஸ்தா நூறு வருஷத்துக்கு முன் ஒழுங்காக எழுதி வைத்தான். அதனால் கிடைத்தது.

எழுதுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை பக்கம் செங்கத்தைச் சுற்றிப் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய இருக்கின்றன. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவனுக்கு ஊர்க்காரர்கள் நட்ட கல். எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சி வருஷம், யாருடைய சேவகன், எதற்காகச் செத்தான் என்று நாலு வரியில் இருக்கும். எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனுடன் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருடர்களைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் சொந்தத் தாத்தாவின் அண்ணா பர்மாவில் எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டால் முழிக்கிறோம்.

பார்த்தவன் வாய்ச்சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரெஸாங் லா ஒரு பெரிய உதாரணம். 1962 நவம்பர் 18, லடாக்கில் சூஷூல் பக்கம். 13-வது குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, மேஜர் சைத்தான் சிங் தலைமையில் சுமார் 120 பேர். உறைய வைக்கும் குளிர், பின்னால் பீரங்கி உதவி கிடையாது. கடைசித் தோட்டா வரை நின்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர் தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது ஆரம்பத்தில் நம்பத் தயங்கினார்கள் என்று அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1963-ன் ஆரம்பத்தில், ஆடு மேய்ப்பவர் ஒருவர் தகவல் சொல்லி ஆட்கள் மேலே போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு சிப்பாயும் தன்தன் இடத்தில், கையில் ஆயுதத்தோடு, பனியில் உறைந்து கிடந்தார்கள். பிழைத்தவர்கள் சொன்னது அட்சரம் பிசகாமல் நிஜம். அப்படிச் சாட்சி சொல்ல எல்லாச் சண்டைக்கும் பனி இருக்காது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும், நாம்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் யாரோ மற்றவர்கள் விஷயம், நாம் பேனா பிடித்தவர்கள்தானே என்று சிலர் நினைக்கலாம். சற்று யோசித்துப் பாருங்கள். பம்பாயில் பிறந்து, எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் படித்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 8-வது மஹார் பட்டாலியனைச் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் பதுங்கித் தாக்கியவர்களுக்கு நடுவே மார்பில் குண்டு பட்ட பிறகும் உத்தரவுகள் கொடுத்துக் கொண்டே உயிர் விட்டார். அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். சென்னை ஆபீஸர்ஸ் டிரெயினிங் அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர். 2023 ஜனவரி 23-ல் அந்தமான் தீவுகளில் ஒன்றுக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது. அவரை தேசம் மறக்கவில்லை. ஆனால் அதே அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அதைப் போல எத்தனையோ மடங்கு பேர் திரும்பி வந்து, அந்த யுத்தத்தைப் பற்றி ஊரில் யாரும் கேட்க விரும்பாததால் பேசாமலே இருந்து விட்டார்கள். அவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

யுத்தம் என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை. மிலிடரி அக்கவுண்ட்ஸ், ஆர்டினன்ஸ் டிப்போ, தந்தி, தபால், ரயில்வே என்று யுத்த காலத்தில் வேலைக்குப் போன நம்மவர்கள் எத்தனையோ பேர். பூனாவிலும் ஜபல்பூரிலும் தில்லியிலும் நம் குடும்பங்கள் பல குடியேறியதே அப்படித்தான். 1942-ல் ரங்கூன் விழுந்த பிறகு மலைக்காட்டு வழியாக நடந்தே அஸ்ஸாம் எல்லைக்கு வந்து சேர்ந்தவர்களின் சந்ததி இந்த சபையில்கூட இருக்கலாம். பெண்கள் துணைப்படையில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் சேர்ந்தார்கள். அந்தப் பக்கத்தில் நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களும் நம் மனிதர்களே. ஜான்சி ராணி படைக்குத் தலைமை வகித்த டாக்டர் லக்ஷ்மி சென்னையில் பிறந்தவர். பிற்காலத்தில் கான்பூரில் தொண்ணூறு வயதுக்கு மேலும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து 2012-ல் காலமானார். அவருடைய படையில் பல பெண்கள் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குழந்தைகள். 1944-ல் இம்பாலில் இரண்டு பக்கமும் இந்தியர்கள் இருந்தார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லி விட்டு ஒரு பக்கத்தை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்வது நியாயம் இல்லை. இரண்டு பேரும் என்ன நினைத்துக் கொண்டு போனார்கள் என்று கேட்டு வைத்துக் கொள்வதுதான் நம் வேலை.

தர்ப்பணத்தில் பிதா, பிதாமஹர், பிரபிதாமஹர் என்று மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லுகிறோம். அதற்கு மேல் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. மனுஷ ஞாபகத்தின் எல்லையும் ஏறக்குறைய அவ்வளவுதான். முடிவில் தாய், தகப்பன், பந்து என்று யாரும் இல்லாதவர்களுக்காகவும் ஒரு தரம் ஜலம் விடுகிறோம். நம் பெரியவர்கள் அப்படி ஒரு இடம் வைத்துப் போயிருக்கிறார்கள்.

இனி நடைமுறை விஷயம். வீட்டில் யாராவது படையில் இருந்தவர் உண்டு என்றால் முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் அதுதான் பொக்கிஷம். பத்திரப்படுத்தி, பக்கம் பக்கமாக நகல் எடுத்து வையுங்கள். பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் நம்பரும், பதவியும், பெயரும் அதில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்து அதை அழித்து விடாதீர்கள். பழைய போட்டோவின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலில் எழுதுங்கள். காகிதம் ஒன்றுமே இல்லை, நம்பரும் ரெஜிமெண்டும் மட்டும் தெரியும் என்றாலும் கவலை இல்லை. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனி ரெகார்ட்ஸ் ஆபீஸ் உண்டு. மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. எழுதிக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வழி சொல்லும்.

அப்புறம் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "எத்தனை பேரைச் சுட்டேள்?" என்று குழந்தைகள் ஆசையாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பல பேருக்கு அந்தக் கேள்வியோடு வாய் அடைத்து விடும். சேர்ந்த அன்று அம்மா என்ன சொன்னாள், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, லங்கரில் என்ன சாப்பாடு, சப்பாத்தி பழகின விதம், ஹிந்தி எப்படி வந்தது, பக்கத்துப் படுக்கையில் யார், கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். பேச்சு தானாக எங்கே போக வேண்டுமோ அங்கே போகும். போகவில்லை என்றால் விட்டு விடுங்கள். சொல்ல முடியாத சிலது ஒருவரிடம் இருக்கலாம், அதுவும் அவருக்குச் சொந்தம். மாமிகளிடமும் கேட்க மறக்காதீர்கள். 1965-லும் 71-லும் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு, தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டால் வயிறு கலங்கியவர்கள் அவர்கள். அவர்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அரை மணி நேரம் பதிவு செய்து, அதை யாராவது ஒருவர் காகிதத்திலும் எழுதி விடுங்கள். போன் மாறும், காகிதம் நிற்கும்.

நம் வீட்டோடு நிறுத்திக் கொள்ளவும் வேண்டாம். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், பாங்க் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியில் பல பேர் எக்ஸ்-சர்வீஸ்மேன். கார்கிலிலோ சியாச்சினிலோ நின்றவர் இப்போது உங்கள் காருக்குக் கேட் திறந்து விடுகிறார். எந்த ரெஜிமெண்ட் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவருடைய முதுகு நிமிருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யுத்த காலத்தில் சேவை செய்த அங்கத்தினர்கள், அவர்கள் பெற்றோர், தாத்தா பாட்டிகள், அவர்கள் சொன்னது என்று ஆளுக்கு இரண்டு பக்கம். குழந்தைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள், எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. எல்லாக் கிளைகளும் எழுதி முடித்ததும் நம் சஞ்சிகையில் மூன்று மாதத்துக்கு ஒரு பக்கமாகப் போடலாம். யாருக்கும் செலவு இல்லை. எண்பது வயதுப் பெரியவர்களிடம் முதலில் போங்கள், எழுபது வயதுக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்வார்கள்.

 சபையில் படையில் இருந்தவர்களோ, அவர்களுடைய மனைவிமார்களோ இருந்தால், தயவு செய்து கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பி விடாதீர்கள். குழந்தைகள் உங்களிடம் வருவார்கள்.